சாவி பேசாவிட்டால்

 

இன்று நாம் ஒரு சாவியைப் பற்றிப் பேசப் போகிறோம். அது வீட்டுச் சாவியன்று. விலையுயர்ந்த காரின் சாவி. தூரத்தில் நின்று பொத்தானை அமுக்கினால் விளக்கு மின்னிக் கதவு திறந்துகொள்ளுமே, அந்தச் சாவிதான். "வாத்தியாருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா? லட்சக்கணக்கான வெள்ளி விலைபோகும் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

ஒரு காலத்தில் நீலாயைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் கித்தா மரங்களாக இருந்தன. பிறகு செம்பனை வந்தது. 1998-இல் பக்கத்திலுள்ள சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக இவ்வட்டாரத்தில் தோட்ட நிலங்கள் பல, தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். பேரப்பிள்ளைகளோ கார் கழுவும் கடையிலும், பட்டறையிலும், காவல் வேலையிலும், பெரிய மனிதர்களின் வண்டி ஓட்டுவதிலும் இருக்கிறார்கள். அங்கெல்லாம் அவர்கள் கையில் பிறருடைய சாவி வந்து சேருகிறது. பிறர் பொருள் நம் கையில் இருக்கும்போது பழுதானால், பழி யார்மேல் விழும்? கடைசியாகத் தொட்டவன்மேல்தானே விழும்!

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவன் வேலை செய்வது நீலாயில் ஒரு கார் கழுவும் கடையில். ஒரு சனிக்கிழமை மாலை அவனுடைய தாயார் மூச்சிரைக்க எங்களிடம் வந்தார்.

"சார், ஒரு பெரிய காடி. இவன் கழுவி முடிச்சுக் கதவைப் பூட்டிட்டான். அப்புறம் திறக்கவே இல்லை. இவன்தான் சாவியில தண்ணியை விட்டுட்டான்னு சொல்றாங்க. புதுச் சாவி ஆயிரம் வெள்ளிக்கு மேலயாம். சம்பளத்துல பிடிப்பேன்னு முதலாளி சொல்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்க, சார்" என்றார்.

எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இருவர் உடனே புறப்பட்டோம். நாங்கள் கார் பழுது பார்ப்பவர்கள் அல்லர். ஆனால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளியதிலிருந்து அரியதற்குப் போ. பாடம் நடத்துவதற்குச் சொன்ன அந்த விதி, பழுது பார்ப்பதற்கும் பொருந்தும். அங்கே என்ன கண்டோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் இந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நேயர்களே, இந்தப் பேச்சு உங்கள் காதுக்கு எப்படி வருகிறது? ஒலிபரப்பு நிலையம் வானொலி அலைகளை அனுப்புகிறது. உங்கள் வானொலிப் பெட்டி அவற்றைப் பிடித்து ஒலியாக்குகிறது. காரின் சாவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னஞ்சிறு ஒலிபரப்பு நிலையம். கார் அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி. எப்.எம். நிகழ்ச்சிகளை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் கேட்கிறோம். ஐரோப்பியக் கார்களின் சாவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுகின்றன. ஜப்பானில் ஓடிய கார்கள் நம் நாட்டுக்கு ஏராளமாக இறக்குமதியாகின்றன அல்லவா? அவற்றின் சாவிக்கு மாற்று வாங்கும்போது அலைவரிசையும் பொருந்த வேண்டும். உருவம் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது.

தூரத்திலிருந்து காரின் பூட்டைத் திறக்கும் கருவி, பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் ஃபுயேகோ காரில் 1982-இல் வந்தது. அக்காலத்துக் கருவிகளில் பல, தொலைக்காட்சியின் ரிமோட்டைப் போலக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பயன்படுத்தின. அதற்குச் சாவியைக் காரை நோக்கி நேராகப் பிடிக்க வேண்டும். வானொலி அலைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. 1998-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் எஸ் வகுப்புக் காரில், சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்கவும் எஞ்சினைக் கிளப்பவும் வழி செய்தது. அன்று செல்வந்தர் காரில் மட்டும் இருந்த இந்த வசதி இன்று மைவி காரிலும் வந்துவிட்டது. ஆகவே நாம் பேசுவது பணக்காரர் வீட்டுச் சாவியைப் பற்றி மட்டுமன்று; நாளை உங்கள் வாசலில் நிற்கும் காரின் சாவியைப் பற்றியும்தான்.

இப்படிப்பட்ட சாவிக்குள் மூன்று பொருள்கள் இருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, நாம் சொன்ன சிறு ஒலிபரப்புக் கருவி. இதற்கு மின்கலம், அதாவது நாம் 'பேட்டரி' என்று சொல்வது, வேண்டும். இரண்டாவது, காரின் எஞ்சினுக்கு அடையாளம் சொல்லும் ஒரு சில்லு. அரிசி மணியளவே உள்ள இந்தச் சில்லுக்குச் சொந்த மின்கலம் தேவையில்லை. காரிலுள்ள கம்பிச் சுருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால், அங்கிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். மூன்றாவது, சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி. ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் அது வெளியே வரும். மின்கலம் செத்துப்போனால் முதலாவது மட்டும்தான் ஊமையாகும். மற்ற இரண்டும் உயிரோடுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு விஷயம். சாவி காரிடம் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும்? திருடன் பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்துகொண்டு, பிறகு தானே ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடுவான். அதைத் தடுக்க ஒரு நல்ல உபாயம் செய்திருக்கிறார்கள். இப்படி எண்ணிப் பாருங்கள்: தோட்டத்துச் சாமான் கொட்டகையில் ஒரு காவற்காரர் இருக்கிறார். லோரி ஓட்டுநர் ஒருவர் அங்கே வந்து போகிறார். இருவர் கையிலும் ஒரே மாதிரி நோட்டுப் புத்தகம். அதில் ஆயிரக்கணக்கான அடையாளச் சொற்கள் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர் ஒரு சொல்லைச் சொன்னதும் இருவரும் அதை அடித்துவிடுவார்கள். அடுத்த முறை அதற்கு அடுத்த சொல். பழைய சொல்லை ஒட்டுக்கேட்டவன் வந்து சொன்னால், காவற்காரர் கதவைத் திறக்கமாட்டார். காரிலும் சாவியிலும் நோட்டுப் புத்தகம் கிடையாது. இரண்டும் ஒரே இரகசியக் கணக்கைப் போட்டு அடுத்த சொல்லைக் கண்டுபிடிக்கின்றன. வேலை மட்டும் இதேதான்.

இப்போது வீட்டில் ஒரு குழந்தை, கார் பக்கத்தில் இல்லாதபோது பொத்தானை அமுக்கி விளையாடுகிறது என்று வையுங்கள். சாவியின் நோட்டில் சொற்கள் அடிபட்டுக்கொண்டே போகும். காருக்கோ ஒன்றும் கேட்டிருக்காது. அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய கீலாக் என்னும் முறையின் வழக்கமான அமைப்பில், சாவி 16 சொற்கள் வரை முந்திப் போயிருந்தாலும் கார் ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மேலே போயிருந்தால், "அடுத்தடுத்து இரண்டு சொல்லைச் சொல், பார்க்கலாம்" என்று கேட்பதுபோல, இரண்டாம் முறை அமுக்கிய பிறகுதான் திறக்கும். அளவுக்கு மீறிப் போய்விட்டால் இரண்டுக்கும் உறவு முறிந்துவிடும். அப்போது காரின் கையேட்டில் சொன்ன முறைப்படியோ, பட்டறையிலோ மறுபடியும் பழக்கப்படுத்த வேண்டும்.

சரி, சாவி பேசவில்லை. எங்கே தேடுவது? ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: இன்னொரு சாவி இருக்கிறதா? பெரும்பாலான கார்களுக்கு இரண்டு சாவிகள் கொடுப்பார்கள். ஒன்று சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை வரவழைத்து, அதே இடத்தில், அதே காரில் அமுக்கிப் பாருங்கள். அது வேலை செய்தால் காரும் நல்லது, சுற்றிலுமுள்ள காற்றும் நல்லது. குறை முதற் சாவியில்தான். இரண்டு சாவிகளுமே பேசாவிட்டால், குறை பெரும்பாலும் சாவியில் இல்லை. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனால், தேட வேண்டிய இடத்தை இது பாதியாகக் குறைத்துவிடும்.

முதலில், குறை சாவியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பார்க்க வேண்டியது மின்கலம். ஏறக்குறைய நம்முடைய 20 சென் காசளவில், வட்டமாக, வெள்ளியைப்போல் மின்னும். அதன் முதுகில் சி.ஆர். என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் இருக்கும். முதல் எழுத்து உள்ளிருக்கும் இரசாயன வகையையும், இரண்டாவது வட்ட வடிவத்தையும் குறிக்கும். இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்துப் படியுங்கள். 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் குறுக்களவு அதே 20, கனம் 2.5 மட்டுமே. 2450 என்றால் குறுக்களவு 24.5, கனம் 5. எல்லாம் 3 வோல்ட்தான். ஆனால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. எந்த எண் என்பது சாவியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ எழுதியிருக்கும்.

மின்கலம் தேய்ந்துவருவதற்கு முன்னறிவிப்பு உண்டு. முன்பு 20 மீட்டரில் திறந்த கதவு இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கும். சாவியிலுள்ள சிறு விளக்கு மங்கும். சில கார்களில் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பலகையிலேயே எச்சரிக்கை தோன்றும். சாவியைத் தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, கைப்பேசிச் சார்ஜர் ஆகியவற்றின் மேல் வைப்பதும் மின்கலத்தை விரைவில் கரைக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட் காட்டிவிட்டு, பொத்தானை அமுக்கும்போது துவண்டுபோகும் மின்கலமும் உண்டு. ஆகவே புதிது ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. சாவியைத் திறப்பதற்கு முன் சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அவர் கண்முன்னாலேயே திறங்கள். பழைய மின்கலம் எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று பார்த்துக்கொண்டு புதியதை அப்படியே வையுங்கள். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

அடுத்து, மின்கலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள். அவை வளைந்திருக்கலாம், பச்சை பூத்திருக்கலாம். உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தாலே பல சாவிகள் பிழைத்துக்கொள்ளும். சாவி தண்ணீரில் விழுந்திருந்தால் முதல் வேலை மின்கலத்தைக் கழற்றுவது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள். துடைத்து, காற்றாட ஒரு நாள் உலரவிட்டு, பிறகு மின்கலத்தைப் போடுங்கள். கொதிக்கும் வெயிலில், கார்க் கண்ணாடிக்குப் பின்னால் காயவைக்கக் கூடாது. இதற்கும் பேசாவிட்டால், நாம் சொன்ன நோட்டுப் புத்தகத்தின் வரிசை மாறியிருக்கலாம். அல்லது பொத்தானுக்கு அடியிலுள்ள விசை தேய்ந்திருக்கலாம். அப்போது பட்டறைக்குப் போக வேண்டும்.

இனி, இரண்டு சாவிகளுமே பேசவில்லை என்றால்? முதலில் காரின் சொந்தப் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அந்த 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தால், சாவி எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் காருக்குக் காது கேட்காது. இரும்புச் சாவியால் கதவைத் திறந்து பாருங்கள். உள்விளக்கு எரியாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. சில கார்களில் கைப்பிடி ஓரத்து மூடியை எடுத்தால்தான் சாவித் துவாரம் தெரியும். இரும்புச் சாவியால் திறக்கும்போது சில கார்கள் அபாய மணி அடிக்கும், பயந்துவிடாதீர்கள்.

காரின் பேட்டரி நன்றாக இருந்தும் சாவி பேசாவிட்டால், காற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வானொலி நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் நமக்கு இரைச்சல்தானே கேட்கும்? இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறோம். 2019-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் நகரத்துக்கு அருகே நார்த் ஒல்ம்ஸ்டட் என்னும் ஊரில், சில தெருக்களில் மட்டும் கார்ச் சாவிகளும் வீட்டுக் கதவு ரிமோட்டுகளும் வேலை செய்யாமல் போயின. ஊரார் ஏதேதோ பேசிக்கொண்டார்கள். அலை எங்கிருந்து வருகிறது என்று கருவி கொண்டு தேடியபோது, ஒரு வீட்டில் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குச் செய்து வைத்திருந்த மின்கருவி, சாவிகள் பேசும் அதே 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. தம்மால்தான் ஊரே தவிக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதன் மின்கலத்தைக் கழற்றியதும் எல்லாச் சாவிகளும் மறுபடி பேசத் தொடங்கின.

நம் தாமான்களிலும் வாசற்கதவு ரிமோட்டுகள், கம்பியில்லாத அழைப்பு மணிகள் நிறைய வந்துவிட்டன. சிலவற்றின் அலைவரிசை அதே 433 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே ஒரே இடத்தில் சாவி பேசாவிட்டால் காரை ஒட்டி நின்று அமுக்கிப் பாருங்கள். முடிந்தால் காரை வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: வேண்டுமென்றே அலையை மறித்து, பூட்டாத காரிலிருந்து திருடுபவர்களும் உண்டு. பூட்டும் பொத்தானை அமுக்கிய பின், விளக்கு மின்னியதா என்று பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மின்கலம் செத்த சாவியோடு நடுவழியில் நின்றால் என்ன செய்வது? சாவிக்குள்ளிருக்கும் அந்தச் சில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மின்கலம் வேண்டாம். டொயோட்டா, லெக்சஸ் கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியின் சின்னமுள்ள பக்கத்தை எஞ்சின் பொத்தானில் ஒட்டிப் பிடித்து, ஒலி கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் சாவியை ஒட்டிப் பிடிக்க ஓர் அடையாளம் இருக்கும். மெர்சிடிஸ் கார்களில் பழையவை சிலவற்றில் எஞ்சின் பொத்தானையே கழற்றிவிட்டு, அந்தத் துளையில் சாவியைச் செருகலாம். புதியவற்றில் நடுப்பகுதியில் சாவி வைக்க ஓர் இடம் உண்டு. இடம் காருக்குக் கார் மாறும், தத்துவம் ஒன்றுதான். கையேட்டில் பாருங்கள்.

இனி, கார் கழுவும் கடைக்குத் திரும்புவோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சொந்தக்காரர் வீட்டிலிருந்து மாற்றுச் சாவி வந்துகொண்டிருந்தது. வந்ததும் அமுக்கினார், கதவு உடனே திறந்தது. "பார்த்தீர்களா? கார் நன்றாக இருக்கிறது. இவன்தான் சாவியைக் கெடுத்திருக்கிறான்" என்றார் முதலாளி. பையன் தலைகுனிந்து நின்றான். "தண்ணியே படலை சார். தட்டுலதான் போட்டேன்" என்று எங்களிடம் மெல்லச் சொன்னான்.

"ஐயா, உங்கள் முன்னாலேயே சாவியைத் திறந்து பார்க்கலாமா?" என்று சொந்தக்காரரைக் கேட்டோம். அவர் நல்ல மனிதர், சம்மதித்தார். திறந்தோம். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. சாவியின் உட்புறத்தில் 2032 என்று எழுதியிருந்தது. உள்ளே கிடந்த மின்கலத்தின் முதுகில் 2025 என்று எழுதியிருந்தது! ஒன்றின் கனத்துக்கும் மற்றதன் கனத்துக்கும் வேறுபாடு 0.7 மில்லிமீட்டர்தான். ஆனால், மெலிந்த மின்கலம் தகட்டைச் சரியாகத் தொடாமல் தளர்ந்து கிடந்தது. தட்டில் போட்ட சிறு அதிர்ச்சியே அதை விலக்கப் போதுமானதாக இருந்தது. சொந்தக்காரர் நெற்றியைத் தடவினார். "போன மாதம் நான்தான் ஒரு கடையில் மாற்றினேன். 2032 இல்லை, இதுவும் அதே அளவுதான் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார்கள்" என்றார். பக்கத்துக் கடையில் 2032 கிடைத்தது. போட்டதும் சாவி பேசியது. ஆயிரம் வெள்ளிப் பழி, சில வெள்ளியில் தீர்ந்தது. "தம்பி, மனசுல வச்சுக்காதே" என்று சொந்தக்காரர் பையனின் தோளைத் தட்டினார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த காரைக் காட்டினார்.

நேயர்களே, அன்று அந்தப் பையனைக் காப்பாற்றியது எங்கள் பேச்சு வன்மையன்று. வரிசையாகக் கேட்ட கேள்விகள். அந்தக் கேள்விகளை அவனே கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாததால்தான் தலைகுனிந்தான். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சம்பளத்திலிருந்து எதை எதைக் கழிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. முதலாளி நினைத்தபடியெல்லாம் பிடித்துக்கொள்ள முடியாது. சந்தேகம் வந்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் போய்க் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சாவியிலிருந்து கழற்றிய மின்கலத்தை மேசைமேல் போட்டுவிடாதீர்கள். 20 சென் காசுபோல் மின்னும் அதைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அது உணவுக் குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடிக் கடுமையான காரப்பொருளை உண்டாக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. சாவியை இயக்கப் போதாத 'செத்த' மின்கலத்துக்கும் குழந்தையைச் சுடும் சக்தி மிச்சமிருக்கும். இப்படிக் குழந்தைகள் இறந்த காரணத்தால்தான், எளிதில் திறக்க முடியாத மூடியும் எச்சரிக்கையும் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் 2022-இல் கட்டாய விதி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது.

குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காதீர்கள். எச்சில் ஒழுகுதல், இருமல், சாப்பிட மறுத்தல் ஆகியவை அடையாளங்கள். ஓர் அடையாளமும் இல்லாமலும் இருக்கலாம். விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். "பொத்தான் பேட்டரி" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தில் அது தெரிந்துவிடும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். பழைய மின்கலத்தின் இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறோம். சாவி பேசாவிட்டால், இரண்டாவது சாவியைக் கேள். ஒன்று பேசி மற்றொன்று பேசாவிட்டால் மின்கலத்தைப் பார், எண்ணைப் படி, தகட்டைத் துடை. இரண்டும் பேசாவிட்டால் காரின் பேட்டரியைப் பார். பிறகு இடத்தை மாற்றிப் பார். இவற்றுக்குப் பிறகுதான் பட்டறை. யார்மேல் குற்றம் என்ற பேச்சு அதற்கும் பிறகு.

உங்கள் வீட்டில் கார் கழுவும் பிள்ளையோ, வண்டி ஓட்டும் பிள்ளையோ, காவல் வேலை செய்யும் பிள்ளையோ இருந்தால், இன்றிரவு சாப்பிடும்போது இதை அவனிடம் சொல்லுங்கள். ஒரு பழைய மின்கலத்தைக் கையில் கொடுத்து, அதன் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் மறக்காமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருக்கும்!